கடைசி நிமிட ரைலி: 1953இல் ஒரு ஸ்காட்லாந்து முன்கள வீரருக்கு நடந்தது

1953 ஏப்ரல் 18, வெம்ப்ளி மைதானம். இங்கிலாந்து 2, ஸ்காட்லாந்து 1. ஸ்காட்லாந்தின் சாமி காக்ஸ், டாம் ஃபின்னியைத் தடுக்கப் போய் அடிபட்டு வெளியேறிவிட்டார். காயப்பட்டவருக்குப் பதிலாக இன்னொருவரை இறக்கும் விதி அந்தக் காலத்தில் இல்லை. அதனால் மிச்சமிருந்த நேரம் முழுக்கப் பத்துப் பேராகவே ஆட வேண்டியிருந்தது. தோல்வி உறுதி என்று எல்லோரும் முடிவுகட்டிய கடைசி நிமிடத்தில், லாரி ரைலி பந்தை வலைக்குள் அடித்தார். ஆட்டம் 2-2. ஸ்காட்லாந்தின் முதல் கோலும் அவருடையதுதான். ‘கடைசி நிமிட ரைலி’ என்ற பட்டப்பெயர் அதற்குப் பிறகு அவரை விட்டுப் போகவே இல்லை.

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய நான்கு அணிகளும் ஆண்டுதோறும் மோதிய பிரிட்டிஷ் சாம்பியன்ஷிப்பை அந்த ஆண்டு இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் பகிர்ந்துகொண்டன. முந்தைய நவம்பரில் ஹாம்ப்டன் பார்க்கில் வட அயர்லாந்துடன் 1-1 என்று முடிந்த ஆட்டத்திலும் ஆட்டம் முடியும் தறுவாயில் கோல் அடித்துக் காப்பாற்றியவர் ரைலிதான். அந்த இரண்டு கோல்களும் விழாமல் போயிருந்தால் பகிர்ந்துகொள்ள எதுவும் இருந்திருக்காது.

ரைலி ஸ்காட்லாந்துக்காக ஆடியது 38 ஆட்டங்கள், அடித்தது 22 கோல்கள். வெம்ப்ளியில் ஐந்து முறை ஆடி ஐந்து கோல்கள். ஸ்காட்லாந்து லீக்கில் தொடர்ந்து மூன்று பருவங்களில் அதிக கோல் அடித்தவர்கள் பட்டியலின் உச்சியில் இருந்தவர். இப்படிப்பட்ட ஒருவர் உலகக் கோப்பையில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. ஸ்காட்டிஷ் கோப்பைப் பதக்கம் அவரிடம் இல்லை. 29 வயதில் ஓய்வுபெற்றுவிட்டார். இது ஏன் இப்படி ஆயிற்று என்பதுதான் இந்த ஆய்வு எடுத்துக்கொள்ளும் கேள்வி. அவருடைய ஆட்டத்தில் குறை இருந்ததால் இப்படி ஆகவில்லை என்பது என் முடிவு. கணக்கு விதி, கிளப்பின் பிடி, கால்பந்துச் சங்கத்தின் பிடிவாதம், உடல்நலம் ஆகிய நான்கும் சேர்ந்து அந்த வாழ்க்கையின் எல்லையைப் போட்டன. நான்கில் மூன்று, 1953 ஏப்ரல் தொடங்கி ஓர் ஆண்டுக்குள்ளேயே அவர்மீது வந்து விழுந்தன.

எதிரணி மைதானத்தின் அருகில் வளர்ந்த பையன்

லாரி ரைலி 1928 அக்டோபர் 28 அன்று எடின்பரோவில் பிறந்தார். வளர்ந்தது கோர்கி வட்டாரத்தில். ஹார்ட்ஸ் அணியின் டைன்காசல் மைதானம் அங்கேதான் இருக்கிறது. அந்தப் பகுதிப் பிள்ளைகள் ஹார்ட்ஸ் பக்கம் நிற்பதுதான் இயல்பு. ரைலியின் குடும்பமோ ஊரின் மறுகோடியில், லீத் துறைமுகத்தை ஒட்டிய ஈஸ்டர் ரோடு மைதானத்தில் ஆடும் ஹிபர்னியன் அணியை ஆதரித்தது. ஹிப்ஸ் என்பது அந்த அணியின் செல்லப் பெயர். அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர். வெளியூர் ஆட்டங்களுக்கு மகனை அழைத்துப் போக அது வசதியாக இருந்தது.

எடின்பரோ திசில் என்ற இளையோர் அணியிலிருந்து ஹிப்ஸுக்கு வந்தவர், 1945 இலையுதிர் காலத்தில் பதின்பருவத்திலேயே முதல் அணியில் இறங்கிவிட்டார். கையில் ஒரு தொழிலும் கற்று வைத்திருந்தார்: கட்டடங்களுக்கு வண்ணம் பூசுவது. அந்தக் காலத்துக் கால்பந்து வீரர்களிடம் இது சாதாரணம். ஆட்டம் எத்தனை ஆண்டு சோறு போடும் என்று யாருக்கும் நிச்சயமில்லை.

உயரம் சுமார் ஐந்தடி ஏழு அங்குலம். அன்றைய பிரிட்டனில் சென்டர் ஃபார்வர்டு, அதாவது முன்களத்தின் நடுவில் ஆடுபவர், என்றால் ஓங்கி வளர்ந்தவராக, எதிரணித் தடுப்பாளரை மார்பால் தள்ளிக்கொண்டு தலையால் முட்டி கோல் அடிப்பவராக இருப்பார் என்பது எதிர்பார்ப்பு. ரைலி அந்த அச்சில் வார்க்கப்பட்டவர் அல்ல. தொடக்கத்தில் இடது விங்கில், அதாவது களத்தின் இடது ஓரத்தில், ஆடியவர். ஸ்காட்லாந்துக்காக அவர் முதலில் ஆடியது 1948 அக்டோபரில், கார்டிஃபில், வேல்ஸுக்கு எதிராக. 1949 ஏப்ரலில் இங்கிலாந்தை வெம்ப்ளியிலேயே 3-1 என்று ஸ்காட்லாந்து தோற்கடித்தபோது, மூன்று கோல்களில் ஒன்றை அடித்தது 20 வயது விங்கரான ரைலி. விங்கராக ஓடிய அனுபவம் சென்டர் ஃபார்வர்டு ஆன பிறகும் அவருக்குக் கைகொடுத்தது. ஓர் இடத்தில் நின்று பந்துக்குக் காத்திருக்காமல் ஓரங்களுக்கு நகர்ந்து, தடுப்பாளரைத் தன் பின்னால் இழுத்துப் போய், காலியான இடத்தைச் சக வீரருக்குத் திறந்துவிடுவார்.

ஐவர்

ரைலியைத் தனியாக எடுத்து ஆராய முடியாது. கார்டன் ஸ்மித், பாபி ஜான்ஸ்டன், லாரி ரைலி, எடி டர்ன்புல், வில்லி ஆர்மண்ட் என்று வலமிருந்து இடமாக நின்ற அந்த முன்களம் ‘புகழ்பெற்ற ஐவர்’ என்றே அழைக்கப்பட்டது. ஐவரும் சேர்ந்து முதல் லீக் ஆட்டம் ஆடியது 1949 அக்டோபர் 15 அன்று, குயீன் ஆஃப் த சவுத் அணிக்கு எதிராக. பிற்பாடு ஐவருமே ஹிப்ஸுக்காக லீக்கில் தலா நூறு கோல்களைத் தாண்டினார்கள். ஐந்து பேர் கொண்ட முன்களத்தில் ஐந்து பேருமே நூறு என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த அணியை எதிர்த்து ஆடிய தடுப்பாளர்களின் பாடு புரியும். ஒருவரைக் கட்டினால் நான்கு பேர் மிச்சம்.

இந்த அணிக்கு அடித்தளம் போட்டவர் மேலாளர் வில்லி மெக்கார்ட்னி. 1948 ஜனவரியில் கோட்பிரிட்ஜில் ஒரு கோப்பை ஆட்டத்தின்போது உடல்நலம் குன்றி, அன்றே இறந்துபோனார். அவருக்குப் பின் வந்த ஹியூ ஷா அணியைக் கலைக்காமல், ஆட்டத்தை இறுக்காமல், இருந்ததை வளர்த்தார். அந்தப் பருவத்தின் லீக் பட்டம் ஹிப்ஸுக்குக் கிடைத்தது. 1950-51இல் இரண்டாமிடத்தில் வந்த ரேஞ்சர்ஸைப் பத்துப் புள்ளி வித்தியாசத்தில் பின்தள்ளிப் பட்டம். 1951-52இல் மறுபடியும். வெற்றிக்கு இரண்டு புள்ளிதான் கொடுத்த காலத்தில் பத்துப் புள்ளி வித்தியாசம் என்பது மலைப்பூட்டும் இடைவெளி. அந்த இரண்டு பருவங்களிலும் லீக்கில் அதிக கோல் அடித்தவர் ரைலி. இரண்டாவது பருவத்தில் அவர் அடித்தது 27.

எடின்பரோ நகரமும் அப்போது கால்பந்து வெறியில் இருந்தது. 1950 ஜனவரி 2 அன்று ஈஸ்டர் ரோட்டில் நடந்த ஹிப்ஸ்-ஹார்ட்ஸ் ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் 65,860 பேர். அந்த மைதானத்தின் சாதனை அதுதான். அன்று வென்றது என்னவோ ஹார்ட்ஸ்.

வகுத்தலில் போன பட்டம்

சரி, 1952-53க்கு வருவோம். ஹிப்ஸ் தொடர்ந்து மூன்றாவது முறையாகப் பட்டம் வெல்லப் பார்த்தது. ரைலி 30 லீக் கோல்கள் அடித்தார். ஈஸ்ட் ஃபைஃப் அணியின் சார்லி ஃபிளெமிங்கும் அதே 30. ஹிப்ஸ் தன் ஆட்டங்களை முடித்து 43 புள்ளிகளோடு காத்திருந்தது. ரேஞ்சர்ஸுக்கு மே மாதம் டம்ஃப்ரீஸில் குயீன் ஆஃப் த சவுத்துடன் ஒரே ஓர் ஆட்டம் பாக்கி. அதில் தோற்றால் பட்டம் ஹிப்ஸுக்கு. ரேஞ்சர்ஸ் பின்தங்கித்தான் இருந்தது. ஆட்டத்தின் பிற்பகுதியில் வில்லி வாடெல் சமன் செய்துவிட்டார். 1-1. ரேஞ்சர்ஸுக்கும் 43 புள்ளிகள்.

இரண்டு அணிகள் ஒரே புள்ளியில் நின்றால் அன்றைய லீக் கோல் சராசரியைப் பார்த்தது. அடித்த கோல்களை வாங்கிய கோல்களால் வகுப்பார்கள். 30 ஆட்டங்களில் ஹிப்ஸ் அடித்தது 93, வாங்கியது 51. வகுத்தால் 1.82. ரேஞ்சர்ஸ் அடித்தது 80, வாங்கியது 39. வகுத்தால் 2.05. பட்டம் ரேஞ்சர்ஸுக்கு.

இப்போது வகுப்பதற்குப் பதிலாகக் கழித்துப் பாருங்கள். ஹிப்ஸ் 42, ரேஞ்சர்ஸ் 41. இன்று பல லீக்குகளில் இருக்கும் கோல் வித்தியாச விதி அன்று இருந்திருந்தால், ஹிப்ஸுக்குத் தொடர்ந்து மூன்றாவது பட்டம்.

வகுத்தல் முறை யாருக்குச் சாதகம் என்பதை இந்த எண்களே காட்டிவிடுகின்றன. வாங்கிய கோல்கள் 51 என்றே வைத்துக்கொண்டால், ரேஞ்சர்ஸை முந்த ஹிப்ஸ் 105 கோல்கள் அடித்திருக்க வேண்டும், அதாவது இன்னும் 12. அடித்தது 93 என்றே வைத்துக்கொண்டால், 45 வாங்கியிருந்தால் போதும், அதாவது ஆறு குறைவு. தடுத்த ஒரு கோலுக்கு அடித்த இரண்டு கோல்களின் மதிப்பு! கோல் அடித்துக் குவிக்கும் அணியைத் தண்டிக்கும் விதி இது. அந்த 93இல் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கை அடித்த மனிதர்தான் இந்த ஆய்வின் நாயகர். அவர் இன்னும் நான்கைந்து கோல் அடித்திருந்தாலும் அந்தக் கணக்கில் அது போதியிருக்காது என்பது எனக்கு இன்றும் ஆறாத விஷயம்.

இதே வகுத்தல் அதே நகரத்தை மறுபடியும் கடித்தது. 1965இல் ஹார்ட்ஸ் கடைசி நாளில் சொந்த மைதானத்தில் கில்மார்னக்கிடம் 0-2 என்று தோற்று, கோல் சராசரியில் பட்டத்தை இழந்தது. கோல் வித்தியாசம் பார்த்திருந்தால் பட்டம் ஹார்ட்ஸுக்குத்தான். அப்புறம் ஸ்காட்லாந்து லீக் கோல் வித்தியாசத்துக்கு மாறியது. 1986இல் ஹார்ட்ஸ் அந்தப் புதிய விதியிலேயே செல்டிக்கிடம் பட்டத்தைப் பறிகொடுத்தது வேறு கதை.

ரேஞ்சர்ஸ் பக்கம் ஒரு நியாயமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் ஆய்வு ஒருபக்கம் சாய்ந்துவிடும். விதி பருவத்தின் தொடக்கத்திலேயே எல்லோருக்கும் தெரியும். ஜார்ஜ் யங்கைச் சுற்றி அமைந்த அவர்களின் தற்காப்புக்கு ‘இரும்புத் திரை’ என்றே பெயர். அந்த விதியின்கீழ் எப்படி வெல்வதோ அப்படி ஆடி வென்றார்கள். ஹிப்ஸின் தடுப்பு 51 கோல்கள் விட்டது உண்மை.

மே, ஜூன்

பட்டம் போன சில நாட்களிலேயே முடிசூட்டு விழாக் கோப்பை. இரண்டாம் எலிசபெத் முடிசூடுவதைக் கொண்டாட இங்கிலாந்து, ஸ்காட்லாந்து கிளப்புகள் எட்டைக் கிளாஸ்கோவில் மோதவிட்டார்கள். ஹிப்ஸ் டாட்டன்ஹாமைத் தாண்டி, நியூகாசிலை 4-0 என்று நொறுக்கி, மே 20 அன்று ஹாம்ப்டனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கூட்டத்தின் முன் இறுதியாட்டத்தில் இறங்கியது. எதிரணி செல்டிக், அந்தப் பருவ லீக்கில் எட்டாவதாக வந்த அணி. ஹிப்ஸ் அடிமேல் அடியாக அடித்தும் செல்டிக் கோல்கீப்பர் ஜான் பானர் எதையும் உள்ளே விடவில்லை. 0-2.

அங்கிருந்து பிரேசில் பயணம். ரியோ டி ஜெனிரோவின் மரக்கானாவில் வாஸ்கோ ட காமாவுடன் 3-3 சமன். எடின்பரோக் குளிரில் ஆடிப் பழகிய அணிக்கு இது நல்ல முடிவுதான். கோப்பை எதுவும் கிடைக்கவில்லை.

கையெழுத்துப் போட மறுத்தவர்

இனி வருவதுதான் இந்த வாழ்க்கையில் அதிகம் பேசப்படாத, ஆனால் அதிகம் சொல்லும் பகுதி.

அன்றைய கால்பந்தில் வீரர் என்பவர் கிளப்பின் கையில் இருக்கும் ஒரு பதிவு. பருவம் முடிந்ததும் யார் யாரைத் தக்கவைத்துக்கொள்கிறோம் என்ற பட்டியலைக் கிளப் கொடுக்கும். அந்தப் பட்டியலில் பெயர் இருந்துவிட்டால், ஒப்பந்தக் காலம் முடிந்திருந்தாலும் வேறு கிளப்பில் ஆட முடியாது. கிளப் கொடுக்கும் நிபந்தனைக்குக் கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் வீட்டில் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் சம்பளம் இல்லை. கிளப்புக்கு மனம் இருந்தால் விற்கும், மனம் இல்லாவிட்டால் விற்காது. வேலையை விட்டு நிற்கலாம், ஆனால் அதே வேலையை இன்னோர் இடத்தில் செய்ய முடியாது.

இதில் வீரருக்கு இருந்த ஒரே பெரிய ஆதாயம் பாராட்டு ஆட்டம். நீண்ட காலம் ஆடிய ஒருவருக்காக ஓர் ஆட்டம் நடத்தி, வரும் டிக்கெட் வசூலை அவருக்கே கொடுப்பார்கள். 1952 செப்டம்பரில் கார்டன் ஸ்மித்துக்காக அப்படி ஓர் ஆட்டம் நடந்தது. மான்செஸ்டர் யுனைடெட் வந்து ஆடியது. ஹிப்ஸ் 7-3 என்று வென்றது. மேலாளர் மேட் பஸ்பியின் அந்த அணி அப்போது இங்கிலாந்தின் நடப்பு சாம்பியன்.

தனக்கும் அப்படி ஓர் ஆட்டம் வேண்டும், அதற்கு உறுதி கொடுங்கள் என்று 1953இல் ரைலி கேட்டார். கிளப் மறுத்தது. கிளப்பின் தலைவர் ஹாரி ஸ்வான் எளிதில் வளைந்து கொடுக்கிறவர் அல்ல. ரைலி கையெழுத்துப் போடவில்லை. என்னை விற்றுவிடுங்கள் என்றார். அதற்கும் கிளப் சம்மதிக்கவில்லை. புதிய பருவம் தொடங்கியும் நாட்டின் முதன்மையான கோல் வீரர் களத்துக்கு வரவில்லை.

சிறுவயது முதல் ஹிப்ஸ் ரசிகராக இருந்தவர், அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த அணியைப் பார்க்க ரயிலேறியவர், 24 வயதில் ஊதியத்தை இழந்து வீட்டில் உட்கார்ந்தார் என்றால் அது பேராசை என்று எனக்குத் தோன்றவில்லை. அணியில் அவருக்குப் பக்கத்தில் ஓடிய ஒருவருக்குக் கிடைத்ததைத்தான் கேட்டார். மூன்று பருவங்களாக லீக்கின் உச்சத்தில் இருந்த ஒருவர், கிளப்பின் கல்லாவுக்குத் தான் என்ன கொண்டுவருகிறோம் என்று கணக்குப் பார்த்ததில் தவறே இல்லை. பாராட்டு ஆட்டம் என்பது கிளப் மனமுவந்து கொடுக்கும் பரிசு, கேட்டு வாங்குவது அல்ல என்பது அக்கால நிர்வாகிகளின் பார்வை. ஆனால் கேட்டால் கிடைக்கக்கூடிய வேறு எதையும் அந்த முறை வீரருக்கு விட்டுவைக்கவில்லை. கேட்காமல் அவர் என்ன செய்திருப்பார்?

அந்த அக்டோபரில் ரைலி இல்லாமலேயே ஸ்காட்லாந்து வட அயர்லாந்தை 3-1 என்று வென்றது. இரண்டு கோல்கள் அடித்தவர், லீக்கில் ரைலியோடு 30இல் சமமாக நின்ற அதே சார்லி ஃபிளெமிங். அவர் ஸ்காட்லாந்துக்காக ஆடியது அந்த ஓர் ஆட்டம்தான். இரண்டு கோல் அடித்தவரை மறுபடி கூப்பிடவே இல்லை. அக்காலத் தேர்வுக் குழுவின் மனம் எப்படி வேலை செய்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கடைசியில் ஸ்காட்லாந்து கால்பந்துச் சங்கத்தின் செயலாளர் ஜார்ஜ் கிரஹாம் நடுவில் புகுந்து பேசினார். தேசிய அணிக்கு ரைலி தேவைப்பட்டார், அதுதான் காரணம். சமரசம் ஏற்பட்டது. நவம்பர் 4 அன்று வேல்ஸுடன் 3-3 என்று முடிந்த ஆட்டத்தில் ரைலி ஸ்காட்லாந்துச் சட்டையில் இருந்தார், கோலும் அடித்தார். ஒரு தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையிலான பிணக்கைத் தீர்க்க நீதிமன்றமோ தீர்ப்பாயமோ இருக்கவில்லை. நாட்டுக்கு அவர் கால்கள் வேண்டியிருந்ததால் ஒரு செயலாளர் இறங்கி வந்தார். அந்த அளவுக்கு முக்கியம் இல்லாத ஒரு சாதாரண வீரராக இருந்திருந்தால் அந்தக் கதவும் திறந்திருக்காது. இந்தப் பிடியை இங்கிலாந்தில் நீதிமன்றம் தளர்த்தியது 1963இல், ஜார்ஜ் ஈஸ்தம் தொடுத்த வழக்கில். ஒப்பந்தம் முடிந்த வீரர் பணமின்றி விலகிப் போகும் உரிமை ஐரோப்பாவில் முழுமையாக வந்தது 1995இல், போஸ்மன் தீர்ப்பில்.

இரண்டு உலகக் கோப்பைகள்

ஜார்ஜ் கிரஹாமின் பெயர் ரைலியின் கதையில் இன்னோர் இடத்திலும் வருகிறது, அது அவ்வளவு இனிமையானது அல்ல.

1950 உலகக் கோப்பைக்கு பிரிட்டிஷ் சாம்பியன்ஷிப்பையே தகுதிச் சுற்றாக எடுத்துக்கொண்டு, முதல் இரண்டு இடங்களில் வரும் அணிகள் பிரேசிலுக்கு வரலாம் என்று ஃபிஃபா சொன்னது. சாம்பியனாக வந்தால் மட்டுமே போவோம், இரண்டாமிடமாகப் போக மாட்டோம் என்று ஸ்காட்லாந்து சங்கம் முன்கூட்டியே அறிவித்தது. 1950 ஏப்ரலில் ஹாம்ப்டனில் ராய் பென்ட்லியின் ஒரே கோலில் இங்கிலாந்து வென்றது. ஸ்காட்லாந்துக்கு இரண்டாமிடம். இங்கிலாந்து அணித் தலைவர் பில்லி ரைட்டே ஸ்காட்லாந்து அணித் தலைவர் ஜார்ஜ் யங்கிடம், உங்கள் சங்கத்திடம் பேசிப் பாருங்கள் என்றார். யங் பேசினார். சங்கம் அசையவில்லை. அதே கோடையில் இங்கிலாந்து பிரேசிலில் அமெரிக்காவிடம் தோற்றது. 1952இல் அந்த அமெரிக்க அணி ஹாம்ப்டனுக்கு வந்தபோது ஸ்காட்லாந்து 6-0 என்று வென்றது. மூன்று கோல்கள் ரைலி.

1950இல் ரைலி முதல் தேர்வாக இருந்திருப்பாரா என்பது விவாதத்துக்குரியது. ஹார்ட்ஸின் வில்லி பால்ட், லிவர்பூலின் பில்லி லிடெல் என்று போட்டி கடுமையாக இருந்தது. 1954இல் அந்தச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த ஆண்டின் தொடக்கத்தில் ரைலிக்கு ப்ளூரிசி வந்தது. நுரையீரலைச் சுற்றியுள்ள உறை வீங்கி, மூச்சு இழுத்தாலே வலிக்கும் நோய். நீண்ட நாள் படுக்கை. சுவிட்சர்லாந்தில் நடந்த அந்த உலகக் கோப்பை கைவிட்டுப் போனது.

போன ஸ்காட்லாந்து என்ன பாடுபட்டது என்பது தெரிந்த கதை. 22 பேரை அழைத்துப் போகலாம் என்றிருக்க, 13 பேரோடு கிளம்பினார்கள். ரேஞ்சர்ஸ் வீரர்கள் ஒருவர்கூட இல்லை. ஆஸ்திரியாவிடம் 0-1. மேலாளர் ஆண்டி பீட்டி போட்டியின் நடுவிலேயே பதவி விலகினார். பாசல் நகரில் உருகுவேயிடம் 0-7. இரண்டு ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை. ரைலி இருந்திருந்தாலும் உருகுவேயை வென்றிருக்க மாட்டார்கள், அந்த ஏழு கோல்கள் தற்காப்பின் கணக்கு. ஆனால் ஆஸ்திரியா ஆட்டம் ஒரு கோல் வித்தியாசம்தான். அடுத்த ஆண்டு மே மாதம் அதே ஆஸ்திரியாவை வியன்னாவிலேயே ஸ்காட்லாந்து 4-1 என்று வென்றது. அதில் ஒரு கோல் ரைலியுடையது. இதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, ஆனாலும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

நோய்க்குப் பிறகு

மீண்டு வந்த ரைலி பழைய வேகத்தின் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்றார். 1955 ஏப்ரலில் வெம்ப்ளியில் ஸ்காட்லாந்து 2-7 என்று சிதறியபோதும் இரண்டில் ஒன்று அவருடையது. ஆனால் அதற்கு முந்தைய மாதமே பாபி ஜான்ஸ்டனை மான்செஸ்டர் சிட்டிக்கு ஹிப்ஸ் விற்றுவிட்டது. ஐவரில் ஒருவர் போனார், அந்த முன்களம் முடிந்தது. ரைலி போக விரும்பியபோது அனுப்பாத கிளப், இரண்டே ஆண்டுகளில் ஜான்ஸ்டனை அனுப்பியது.

ஹாரி ஸ்வானுக்குக் கொடுக்க வேண்டிய பெருமையையும் கொடுத்துவிட வேண்டும். ஐரோப்பியக் கோப்பை என்ற புதிய போட்டி 1955இல் தொடங்கியபோது, இங்கிலாந்து லீக்கின் அழுத்தத்தில் செல்சி விலகிக்கொண்டது. ஸ்வானின் ஹிப்ஸ் போனது. முந்தைய பருவத்தில் ஐந்தாவதாக வந்த அணிதான், ஆனால் பெயர் இருந்தது, விளக்கொளியில் ஆடப் பழகியிருந்தது. 1955 செப்டம்பர் 14 அன்று ஜெர்மனியின் எசன் நகரில் ரோட்-வைஸ் அணியை 4-0 என்று வென்று, ஐரோப்பியக் கோப்பையில் ஆடிய முதல் பிரிட்டிஷ் கிளப் ஆனது ஹிப்ஸ். கோல் அடித்தவர்களில் ரைலியும் உண்டு. அடுத்து ஸ்வீடனின் ஜுர்கார்டன். அரையிறுதியில் ரேமண்ட் கோபா ஆடிய பிரான்சின் ரேம்ஸ் அணியிடம் பாரிஸில் 0-2, எடின்பரோவில் 0-1. வெளியேற்றம். ஐவரும் சேர்ந்து ஆடிய 1951, 52 காலத்தில் இந்தப் போட்டி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எடின்பரோவில் கேட்காத ஆள் இருக்க மாட்டார்.

முழங்கால்

அப்புறம் முழங்கால் போனது. குருத்தெலும்பு கிழிந்தால் அன்றைய மருத்துவம் செய்தது ஒன்றே ஒன்று: திறந்து அதை வெட்டி எடுப்பது. இன்று சிறு துளை போட்டுச் செய்யும் சிகிச்சைக்கு அன்று பெரிய வெட்டு. மூட்டின் மெத்தையை எடுத்துவிட்டால் எலும்பு எலும்போடு உரசும். வேகமாகத் திரும்புவதையே ஆயுதமாகக் கொண்ட ஒரு வீரருக்கு இதைவிட மோசமான காயம் கிடையாது. ஸ்காட்லாந்துக்கான அவருடைய கடைசி ஆட்டம் 1957 ஏப்ரலில், இங்கிலாந்துக்கு எதிராக, வெம்ப்ளியில்.

ஹிப்ஸுக்கான கடைசி ஆட்டம் 1958 ஏப்ரல் 21, ஈஸ்டர் ரோடு. எதிரணி ரேஞ்சர்ஸ். ஹிப்ஸ் 3-1 என்று வென்றது, ரைலி கோல் அடித்தார். ஐந்து நாள் கழித்து ஹாம்ப்டனில் ஸ்காட்டிஷ் கோப்பை இறுதியாட்டம், ஹிப்ஸ் ஆட, அவர் இல்லை. முன்களத்தில் 17 வயது ஜோ பேக்கர் நின்றார். அந்தப் போட்டியில் டைன்காசலில் ஹார்ட்ஸுக்கு எதிராக நான்கு கோல் அடித்த பையன். இறுதியில் கிளைட் அணி 1-0 என்று வென்றது. ஹிப்ஸ் கடைசியாக அந்தக் கோப்பையை வென்றிருந்தது 1902இல். அடுத்து வென்றது 2016இல். 2013 ஜூலை 22 அன்று மறைந்த ரைலிக்கு அதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

ஓய்வுக்குப் பின் லீத் பகுதியில் மதுக்கடை நடத்தினார். டர்ன்புல் ஹிப்ஸின் மேலாளராகி 1972இல் லீக் கோப்பை வென்றதும், ஆர்மண்ட் 1974 உலகக் கோப்பைக்கு ஸ்காட்லாந்தை அழைத்துப் போனதும் போல, ரைலி பயிற்சியாளர் பக்கம் போகவில்லை. ஈஸ்டர் ரோட்டில் ஐவரின் பெயர் தாங்கிய வடக்குப் பார்வையாளர் மாடம் இருக்கிறது. 2011இல் டர்ன்புல் மறைந்தபின் ஐவரில் மிஞ்சியிருந்தவர் ரைலி ஒருவர்தான்.

எண்களை எப்படிப் படிப்பது

ஸ்காட்லாந்துக்காக அதிக கோல்கள் அடித்தவர்கள் டெனிஸ் லாவும் கென்னி டால்கிலிஷும், தலா 30. லா ஆடியது 55 ஆட்டங்கள், டால்கிலிஷ் 102. ஆட்டத்துக்கு இத்தனை என்று பார்த்தால் ரைலி 0.58, லா 0.55. டால்கிலிஷின் வேலை வேறு வகை, அவரை இதில் ஒப்பிடுவது நியாயம் இல்லை. ரைலியின் 22இல் மூன்று அமெரிக்காவுக்கு எதிராக வந்தவை என்று யாராவது குறை சொல்லலாம். அவர்களுக்கு வெம்ப்ளியின் ஐந்தைக் காட்டினால் போதும். அந்தக் காலத்தில் இங்கிலாந்தை அவர்களுடைய மைதானத்தில் வெல்வதே ஐரோப்பாக் கண்டத்து அணிகள் எதற்கும் முடியாத காரியமாக இருந்தது, 1953 நவம்பரில் ஹங்கேரி வரும்வரை.

அந்த 38 ஆட்டங்களையும் ரைலி ஹிப்ஸ் வீரராக இருந்தபடியே ஆடினார். ஹிப்ஸில் இருந்துகொண்டு ஸ்காட்லாந்துக்காக வேறு யாரும் அத்தனை ஆட்டங்கள் ஆடியதில்லை. இதை ரசிகர்கள் விசுவாசத்தின் அடையாளமாகப் பார்க்கிறார்கள், அதில் உண்மை இருக்கிறது. வாழ்நாள் முழுக்க அவர் ஹிப்ஸ்காரராகவே இருந்தார். ஆனால் 1953இல் அவர் போகக் கேட்டார், விதி அவரைப் போக விடவில்லை என்பதும் அதே அளவு உண்மை. விசுவாசம் எவ்வளவு, கட்டாயம் எவ்வளவு என்று பிரிக்க, அவருக்குப் போகும் உரிமை ஒருமுறையாவது கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லை.